வாசித்து முடியும்வரை மல்லாந்தே படு

இம்ரான், ஸலாம். நலமா என்று கேட்கமாட்டேன். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் கட்டிலில் கிடக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிற தாய் ஓசூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தையல் மெஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்பெனிக்குக் கொடுக்கவேண்டிய கையுறைகளை எல்லாம் தரையில் தள்ளிவிட்டேன். இன்றைக்கு எவன் கை சுட்டால் எனக்கென்ன? ஒரு பக்கம் எழுதி முடித்ததும் உன் பெண்டாட்டி ஷமீமா வந்து எடுத்துக்கொண்டு போவாள், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு வாசிப்பாள். நானே வந்து பேசலாம்தான். பேச ஆரம்பித்தால் அழுவேன், அழுதால் நீ ‘ஆரம்பிச்சுட்டியாம்மா’ என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய். நீ இப்போது எந்தப் பக்கமும் திரும்பக் கூடாது.

‘நீ வாசிக்கறவரைக்கும் மல்லாந்து படுத்திருக்கறேன், நிறுத்தினா அப்புறம் என் இஷ்டம்’ என்று அவளிடம் சொன்னாயாமே. நல்லதாகப் போயிற்று. அப்படியானால் உன் அம்மா இன்று எழுதுவதை நிறுத்தப்போவதில்லை. இப்போதுதான் மதியத் தொழுகை லுஹர் முடிந்திருக்கிறது. உன்னோடு வேலை செய்கிற நாகராஜுக்கு ஷிப்டு விட்டு, காரை எடுத்துக்கொண்டு வர பொழுது சாய்ந்து மஃரிப் ஆகிவிடும். பின் சீட்டில் மெத்தை போட்டு உன்னை மல்லாக்கப் படுக்க வைத்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். இன்று ராத்திரிக்குள் சேர்த்துவிட்டால் நாளை காலையிலேயே உன் இடது கண்ணுக்குள் கழன்று விழுந்து கிடக்கும் பிறவி லென்ஸை எடுத்துவிடுவதாக டாக்டரம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். நீ வருகிறேன் என்று இன்னும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை எழுத்தும்.

முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத்து ஓடாது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாமல் ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கி வந்தாயே, அதுமுதல் ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறாய். ‘நாற்காலியில உக்காந்துதான் தொழறேம்மா’ என்றாய். உள்ளேயிருந்து நெடுநேரம் சத்தமே வராது. நானும் பைத்தியக்காரி, பிள்ளை கை ஏந்திக் கேட்கிறான் என்று பூரித்துப்போனேன். எதிர்வீட்டுக்காரியிடம் பெருமை வேறு: ‘துஆவுக்கு உக்காந்தா என் மகன் எழுந்திரிக்கறதே இல்ல.’ வெளியே வரும்போது உன் நெற்றியில் பாயின் வரி பதிந்திருந்தது. கேட்டேன். தூங்கிவிட்டதாகச் சொன்னாய். நம்பினேன். பாயில் நெற்றியை வைத்துக்கொண்டு எவனாவது தூங்குவானா என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

இன்று விடிகாலைத் தொழுகையின்போது ஷமீமா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. ‘மாமி, அவரு நாற்காலியில இல்ல. தரையில நெத்திய வெச்சுக் கெடக்கறாரு. எழுந்திரிக்கவே மாட்டேங்கறாரு.’ எனக்கு உயிரே போய்விட்டது. அது தொழுகைகூட இல்லையாமே. தலையை அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். பின்னால் விழுந்த லென்ஸ் மறுபடி கண் பாப்பாவின் வழியாக முன்னால் வந்து விழவேண்டும், வந்துவிட்டால் முன்பக்கமாகச் சின்னதாகக் கீறி எடுத்துவிடுவார்கள், பின்பக்க ஆபரேஷன் வேண்டியிருக்காது, இதுதானே உன் கணக்கு? கம்பெனியில் கியர் பல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிறவன் நீ. உன் கண்ணையும் அப்படி ஒரு இரும்புத் துண்டு என்று நினைத்துவிட்டாயா?

நினைத்துப் பார், வெள்ளிக்கிழமை ஜும்மாவில் என்ன நடந்தது? லென்ஸ் கழன்று பின்னால் விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலையைக் குனியக் கூடாது என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். முதல் வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருந்தார் பள்ளிவாசல் ஹஜ்ரத். எல்லாரும் நெற்றியைத் தரையில் வைக்க சஜ்தாவுக்குப் போகும்போது ஒருவன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க உனக்கு வெட்கமாக இருந்தது. குனிந்தாய். ஒரே சஜ்தா. லென்ஸ் முன்னால் வந்து பாப்பாவை அடைத்துக்கொண்டது. தொழுகை முடித்து ஸலாம் கொடுப்பதற்குள் நீ கண்ணைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்ததாகவும், பாயிலேயே வாந்தி எடுத்ததாகவும் உன்னைத் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். அத்திப்பள்ளி தாண்டும்வரை ‘அம்மா, கண்ணப் பிடுங்கிப் போட்டுடு’ என்று கத்தினாய். கம்பெனி மெஷினில் விரல் நசுங்கியபோதுகூட அழாதவன் நீ. அந்தக் கத்தலை நான் கேட்டிருக்கிறேன் இம்ரான். அதை நீயே வேண்டுமென்று மறுபடி வரவழைக்கிறாய் என்று அவள் சொன்னபோது, இந்த வயிற்றில்தானா இவனைச் சுமந்தேன் என்று இருந்தது.

அன்றைக்கு டாக்டரம்மா என்ன செய்தார்? மருந்து விட்டு, பாப்பாவை விரிய வைத்து, உன்னை மல்லாக்கப் படுக்க வைத்தார். லென்ஸ் மெதுவாகத் தானே பின்னால் போய்விட்டது. அழுத்தம் இறங்கியது. நீ உடனே கேட்டாய், ‘முன்னாடி வந்திருந்தப்பவே எடுத்திருக்கலாமே மேடம்?’ அதற்கு அவர் சொன்ன பதிலில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாய். முன்னால் வந்த லென்ஸை, பாப்பாவைச் சுருங்க வைத்து அங்கேயே சிறைபிடித்து, கருவிழி ஓரத்தில் கீறி எடுப்பதும் உண்டு என்றார். அதற்காக ஆளைக் குப்புறப் படுக்க வைத்த காலமும் இருந்ததாம். அதோடு நீ காதை மூடிக்கொண்டாய். மீதியை நான் கேட்டேன். உன் கண்ணில் லென்ஸ் தனியாக வரவில்லை, உள்ளே இருக்கும் ஜெல்லியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. அழுத்தம் ஏறிச் சிவந்து வீங்கிய கண்ணில் முன்பக்கம் திறந்தால் அந்த ஜெல்லி பிதுங்கும். ஜெல்லி பிதுங்கினால் அது ஒட்டியிருக்கும் விழித்திரை கிழியும். உனக்கு அந்தத் திரையின் ஓரம் ஏற்கனவே மெலிந்துபோய் இருக்கிறது. இன்னொரு தடவை லென்ஸ் முன்னால் வந்து கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டு நின்றால், கண்ணின் நரம்பே செத்துப்போகும். ‘பேடாம்மா, பேடா, தலை குனியவே வேண்டாம்’ என்று கன்னடத்திலும் தமிழிலும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் அந்த அம்மா. உன்னிடமும்தான் சொன்னார்.

ஷமீமா இரண்டாவது பக்கத்துக்கு வந்து நிற்கிறாள். ‘கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு மாமி’ என்கிறாள். மல்லாந்துதான் இருக்கிறானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். சரி, நான் எழுதுகிறேன்.

உனக்குப் பின்பக்க ஆபரேஷன் என்றாலே ஏன் நடுக்கம் என்று எனக்குத் தெரியாதா? வலது கண். அதிலும் லென்ஸ் இப்படித்தான் நழுவியது. அதே ஆபரேஷன்தான் செய்தார்கள். இன்று அந்தக் கண்ணில் பகலா இரவா என்பதுகூடத் தெரிவதில்லை. ‘ஆபரேஷன் கண்ணத் தின்னுடுச்சு’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாய். ஷமீமா, இந்த இடத்தில் நிறுத்தாதே, எழுதியிருக்கிறபடியே வாசி. ஆபரேஷன் உன் கண்ணைத் தின்னவில்லை இம்ரான். கட்டு அவிழ்த்த மறுவாரம் நீ காலண்டரில் தேதி பார்த்து எனக்குச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கண்ணால்தான் பார்த்தாய். அப்புறம் உன் கல்யாணம் வந்தது. வேப்பனப்பள்ளியில் நிக்காஹ், மறுநாள் இங்கே வலிமா விருந்து. நிக்காஹ் அன்றைக்கே கண்ணின் ஓரத்தில் மின்னல் மாதிரி அடித்தது, பிறகு கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறிக்கொண்டே வந்தது. பெண் வீட்டார் காதில் விழுந்தால் என்னாகும் என்று நீ யாரிடமும் மூச்சு விடவில்லை. வலிமா பந்தியில் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்தவன் நீட்டிய தண்ணீரை நீ வாங்காமல் வெறித்துக்கொண்டிருந்தாய். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றும் நான் என்னை மன்னிக்கவில்லை. விருந்தெல்லாம் முடிந்து, மறுவீடும் போய் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாய். அதற்குள் விழித்திரை முழுக்க உரிந்து சுருண்டுபோயிருந்தது. ‘மின்னல் அடிச்ச அன்னைக்கே வந்திருந்தா’ என்று ஆரம்பித்த டாக்டரம்மா, உன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கண்ணைத் தின்றது நீ மூடிவைத்த வாய்.

கொடுமையாகத்தான் எழுதுகிறேன். யாராவது எழுதவேண்டும். இன்னொரு கண் இருந்திருந்தால் நானும் உன்னை மெல்லத் தடவிக் கொடுத்துச் சொல்லியிருப்பேன். இருப்பது இது ஒன்றுதானேடா.

மறைப்பது உன் அத்தாவிடமிருந்து வந்ததோ என்னவோ. அந்த நெட்டை உடம்பு, மெஷின் பெல்ட் மாதிரி நீளமான விரல், சோடாபுட்டி கண்ணாடி எல்லாம் அவரிடமிருந்துதான் வந்தது. லென்ஸைப் பிடித்துவைக்கிற நூல்கள் உங்கள் வம்சத்துக்கே பலமில்லை என்று டாக்டரம்மா உன் விரலைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். அத்தாவுக்கும் ஒரு கண்ணில் லென்ஸ் கழன்றிருக்க வேண்டும், அப்போது யாருக்குத் தெரியும்? லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கண் சரியில்லை என்றால் வண்டியைக் கொடுக்கமாட்டார்கள் என்று ஒரு வருஷம் மறைத்தார். வலிக்கும்போது துணியை நனைத்துக் கட்டிக்கொண்டு ‘தூசி’ என்பார். சூளகிரி பக்கம் புளியமரத்தில் வண்டியை ஏற்றின அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். உயிர் பிழைத்தார், கண் பிழைக்கவில்லை. அவருக்கு அன்று எடுத்துச் சொல்ல ஒரு டாக்டர் இல்லை, கருவி இல்லை, வழியும் இல்லை. உனக்கு எல்லாம் இருக்கிறது, வருகிற மனசைத் தவிர.

இனிமேல் எழுதுவதைக் கவனமாகக் கேள். நேற்று நான் கடல்பாசி காய்ச்சினேன், நோன்பு இல்லாத நாளில் எதற்கு என்று கேட்டாயே, அது தின்பதற்கு இல்லை. டாக்டரம்மா சொன்னது என் மண்டைக்கு ஏறவேண்டும் என்பதற்காகக் காய்ச்சினேன். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பாதி உறைந்தபோது ஒரு பாதாம் பருப்பை உள்ளே போட்டேன். உறைந்ததும் நூல் பிடுங்குகிற இடுக்கியை விட்டுப் பருப்பைப் பிடித்து இழுத்தேன். பருப்பு வந்தது, கூடவே கடல்பாசி டம்ளர் ஓரத்தை விட்டுக் கிழிந்துகொண்டு வந்தது. அந்த ஓரம்தான் உன் விழித்திரை. ‘லென்ஸைப் பிடிச்சு இழுக்கவே மாட்டோம்மா’ என்று அவர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. முதலில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஊசிமுனை அளவுக்கு மூன்று துளை போடுவார்களாம். ஒன்றில் தண்ணீர் போகும், கண் சுருங்காமல் இருக்க. ஒன்றில் விளக்கு. ஒன்றில் ஜெல்லியைத் துளித்துளியாக வெட்டி உறிஞ்சும் கருவி. லென்ஸைச் சுற்றியிருக்கும் ஜெல்லியை எல்லாம் வெட்டி விடுவித்த பிறகுதான் லென்ஸைத் தொடுவார்கள். இழுப்பதற்கு அப்போது எதுவும் ஒட்டியிருக்காது.

அப்புறம் ஒரு திரவம். தண்ணீர் போலத் தெளிவாக இருக்குமாம், ஆனால் தண்ணீரைவிடக் கனம். கண்ணின் அடியில் விட்டால் விழித்திரையின் மேல் மெத்தை விரித்த மாதிரி பரவிக்கொள்ளும். லென்ஸ் அதன்மேல் மிதந்து தானாக மேலே ஏறி வரும். கேட்டாயா? நீ நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தரையில் கிடந்து வரவழைக்கப் பார்க்கிறாயே, அதை அவர்கள் உன்னை மல்லாக்கப் படுக்க வைத்தே, திரைக்கு ஒரு கீறல் விழாமல் மேலே கொண்டுவருவார்கள். வயசாளிகளுக்கு லென்ஸ் கல்லாக இறுகியிருக்கும், அதிர்வு கொடுத்து உடைக்கவேண்டுமாம். உனக்கு இன்னும் மெத்தென்றுதான் இருக்கும், அதே கருவியே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்றார். பிறகு அந்தத் திரவத்தையும் எடுத்துவிட்டு, ஓரத்தை ஒரு சுற்றுப் பார்த்து, மெலிந்த இடத்துக்கு லேசர் வைப்பார்கள். புது லென்ஸைத் தாங்க உள்ளே பை இல்லை, அதனால் அதன் இரண்டு கால்களையும் கண்ணின் வெள்ளைச் சுவருக்குள்ளேயே செருகி நிறுத்துவார்களாம். நான் பாவாடைப் பட்டியில் நாடா செருகுகிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது. சொன்னேன். டாக்டரம்மா சிரித்தார்.

‘உறுதியாச் சரியாயிடுமாம்மா?’ என்று நான் கேட்டேன். ‘உறுதி சொல்ல மாட்டேன்’ என்றார். அதைக் கேட்டுத்தான் நீ கட்டிலை விட்டு இறங்கி வந்தாய். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன் இம்ரான், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சோறு இறங்கவில்லை. அவர் கை நடுங்கினால், திரை கிழிந்தால், இந்தக் கண்ணும் போனால் என்றேதான் நாளெல்லாம் நினைக்கிறேன். ஆனால் நீ தரையில் கிடந்து செய்கிற வைத்தியத்தில் போவது மட்டும் உறுதி. ஒன்றில் பயம் இருக்கிறது, இன்னொன்றில் பயப்படவே மிச்சம் எதுவும் இருக்காது. இதற்குமேல் எனக்கு வாதாடத் தெரியவில்லை.

அஸருக்கு பாங்கு சொல்கிறார்கள். ஷமீமா, வாசிப்பதை நிறுத்தி பாங்கைக் கேட்கவிடு. அது முடிந்ததும் இதை வாசி.

காலையிலிருந்து எனக்கு ஒரு வக்து வந்தாலே பயம். கதவைச் சாத்தாதே. எழுந்திருக்கவும் வேண்டாம். நான் காலையில் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டேன். ‘நோயாளிக்கு மார்க்கம் எடம் குடுத்திருக்கும்மா. படுத்துக்கிட்டே தொழட்டும். தலைய லேசா அசைச்சாப் போதும், அதுவே ருகூ, அதுவே சஜ்தா. முடிஞ்சதக் கேக்கறவந்தான் அல்லாஹ்’ என்றார். வெள்ளிக்கிழமை உன்னைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர், சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உன் தொழுகையை நான் தொழ முடியாது, எனக்குத் தெரியும். நீ மல்லாந்து படுத்துத் தொழு. நெற்றியைத் தரையில் வைக்கிற வேலையை மட்டும் கொஞ்ச நாளைக்கு என்னிடம் விடு. நான் இப்போது முஸல்லாவை விரிக்கப்போகிறேன். என் சஜ்தாவில் நான் என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரியும், அதை எழுதவேண்டியதில்லை.

தொழுதுவிட்டு வந்தேன். ஷமீமா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கேட்கவே பயமாக இருந்தது. ‘படுத்துக்கிட்டேதான் தொழுதாரு மாமி’ என்றாள். ‘கண்ணுல தண்ணி வந்து ரெண்டு பக்கமும் காதுக்குள்ள எறங்குச்சு. நான்தான் தொடைச்சேன்.’ காதுக்குள் இறங்கியதா! கண்ணீர் காதுக்கு இறங்கினால் மகன் மல்லாந்து கிடக்கிறான் என்று அர்த்தம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு மெஷின் மேல் தலையை வைத்து நானும் அழுதேன். கண்ணை மட்டும் தேய்க்காதே.

காகிதம் தீர்ந்துவிட்டது, கையுறை கட்டுகிற அட்டையைக் கிழித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஷமீமா கூட்டி வாசித்துக்கொள்வாள். பை கட்டி வைத்துவிட்டேன். உன் லுங்கி, பழைய கண்ணாடி, மருந்துப் பெட்டி எல்லாம் அதில் இருக்கிறது. பின் சீட்டில் உன் தலை என் மடியில் இருக்கும், வண்டி பிரேக் போட்டாலும் அசையவிடமாட்டேன். ஆபரேஷன் முடிந்து மின்னல் மாதிரி ஒரு கீற்று தெரிந்தாலும், ஓரத்தில் எறும்பளவு கறுப்பு தெரிந்தாலும், நடுப்பந்தியாக இருந்தாலும் எழுந்து நின்று கத்து. யார் வீட்டு விருந்து நின்றாலும் பரவாயில்லை. இது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்கிற சத்தியம்.

நாகராஜ் போன் செய்தான். ‘அம்மா, பர்தாயிதீனி, சிப்காட் கேட்டாண்ட லாரிங்க நிக்குது, ஒரு வண்டி அசையல. வந்துடறேன், அவன எழுப்பாதீங்க’ என்கிறான். மஃரிப் ஆகப்போகிறது. அட்டையும் இந்த ஒன்றுதான் மிச்சம். ‘அம்மா எழுதி முடிச்சுட்டாங்களா?’ என்று நீ கேட்டதாக ஷமீமா வந்து சொல்கிறாள். வருகிறேன் என்று சொன்னானா என்றேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று.

ஷமீமா, இதை அவனுக்கு வாசிக்காதே, உனக்கு மட்டும்தான். அம்மா இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று சொல். முதல் பக்கத்தை எடு. ஸலாம் சொன்ன இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பி, நிறுத்தி நிதானமாக வாசி. கார் வந்து நின்றாலும் நிறுத்தாதே, வாசித்துக்கொண்டே கூட வா.